நிஸ்தார் – 4

காணிக் கந்தோரில்
மற்றவர்களின் நிலத்தைப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை.
வடக்கே ஒழுங்கை, கிழக்கே அருளம்மாவின் வளவு,
இதற்குள் அடங்கிய வீடு, கிணற்றில் பங்கு,
வைத்த வான்பயிர், தானாய் முளைத்த தான்பயிர்.

நான் இருப்பது பாலையூற்றில், வாடகைக்கு.
ஊரின் பெயரில் பாலை உண்டு, எங்கள் ஒழுங்கையில் இல்லை.
பன்குளத்துப் பக்கம் வீதி அகலித்தபோது
பிடுங்கி எறிந்த கன்றுகளில் ஆறை
சோற்றுப் பார்சல் பைக்குள் கொண்டுவந்தேன்.
பாலை வளர்கிற மாதிரித் தெரியாது. நிற்கும்.
இரண்டு வருடத்தில் ஒரு பென்சில் மொத்தம்.

அந்த மொத்தத்துக்குத்தான் காத்திருந்தேன்.

கப்பலில் சமைக்கிற மூதூர் நிஸ்தார்
பற்பசைப் பெட்டிக்குள் ஆறு குச்சி கொண்டுவந்தான்,
ஈரக் கடதாசி சுற்றி.
எந்தத் துறைமுகம் என்று சொல்லவில்லை.
சப்போட்டாதான், ஆனால் மாட்டுக்கொம்பு நீளம்,
உள்ளே சிவப்பு, கத்தி படமுன்னமே விண்டுவிடும் என்றான்.
இனத்தின் பெயர் அவன் வாயில் வரவில்லை.
அதனால் தகரத் துண்டுகளில் ஆணியால் கீறினேன்:
நிஸ்தார் – 1, நிஸ்தார் – 2, அப்படியே ஆறு வரை.

பதினோராம் இலக்கச் சத்திரசிகிச்சை பிளேட் கேட்டதும்
பாமசிக்காரி ஏற இறங்கப் பார்த்தாள்.
மரத்துக்கு என்றேன். இன்னும் கூடப் பார்த்தாள்.

இரண்டுக்கும் பால்.
பாலையைப் பிளந்தால் பால், குச்சியைச் சீவினால் பால்.
துடைத்துத் துடைத்து, அது ஓயும்வரை குந்தியிருந்து
ஆப்பை இறக்கினேன்,
பட்டைக்குக் கீழே பச்சை ஓரத்தோடு பச்சை ஓரம்.
மயிரளவு விலகினாலும் ஒன்றுக்கொன்று அந்நியம்.
இறுக்கிக் கட்டி, ஐஸ்பக்கெற் உறையைத் தலையில் கவிழ்த்து
கிணற்றடி நிழலில் வரிசையாய் வைத்தேன்.

ஒன்று கறுத்தது.
இரண்டைக் கச்சான் காற்று
ஒரே மத்தியானத்தில் உறைக்குள் அவித்தது.
மூன்று துளிர்த்தது; கந்தோர் வாசலுக்குக் கொண்டுபோனேன், பெருமைக்கு.
சோறு தின்றுவிட்டு வருகிறேன்,
கோட்டையடி மானொன்று
இரண்டு வருடத்தையும் ஆறு இலையையும்
என்னைப் பார்த்தபடியே மென்றுகொண்டு நிற்கிறது.
கோபம் வரவில்லை.
ருசி எப்படி என்று கேட்கத்தான் வந்தது.
ஐந்தும் ஆறும் பிடித்ததுபோல நடித்து
நாற்பதாம் நாள் நடிப்பை விட்டன.

நான்கு பிடித்தது.

பிறகு கிழமைக்கொருதரம் ஒரு சின்னக் கொலை.
கட்டுக்குக் கீழே பாலை துளிர்க்கும்.
பெருவிரல் நகத்தால் கிள்ளுவேன்,
விரல் பிசுபிசுக்கும்,
அடுத்த கிழமை அதே இடத்தில் திரும்பவும் அது.
இப்படி ஐந்து வருடம்.
ஒருமுறை பூத்தது. பிஞ்சு பிடிக்காமல் கொட்டியது.

ஸ்காபரோவிலிருந்து சற்குணராசா எடுத்தார்.
"தங்கச்சி, வீட்டுக்கு ஆள் வந்திருக்கு. ஒரு மாசம் காணுமோ?"
காணும் என்றேன்.

கட்டில், பிரிட்ஜ், இருபத்தேழு சாடி.
அபியூ ஏறியது, ரொலினியா ஏறியது,
ஒருநாளும் காய்க்காத ஜபோட்டிகாபாவும் ஏறியது.
நான்கு அசையவில்லை.
லொறிக்காரப் பொடியன் சாடியைச் சாய்த்துக் காட்டினான்:
அடித்துளையால் இறங்கி
என்னிடம் ஒரு சொல் கேட்காமல்
விரல்மொத்த வேரொன்று நிலத்துக்குள் போயிருந்தது.
மேலே நிஸ்தார். கீழே பாலை.
வாடகைக்கு இருந்தது மேலேயும் நானும்தான்.

"அறுக்கவா அக்கா?"

வேண்டாம் என்றேன். நாலு குச்சி மட்டும் வெட்டி
பற்பசைப் பெட்டி தேடி அதற்குள் வைத்தேன்.
லைட் பில்லின் பின்பக்கம் புது ஆட்களுக்கு எழுதினேன்:
இது நல்லினச் சப்போட்டா. மாரியில் தண்ணீர் தேவையில்லை.
கட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிடவும்.
வாசித்துப் பார்த்தேன்.
கடைசி வரியை மட்டும் கிழித்தெடுத்து
மிச்சத்தைக் கதவிடுக்கில் செருகினேன்.

இரண்டு மாதத்தில் அந்த உறுதி என் மேசைக்கே வந்தது.
வீடு, கிணறு, சுற்றுமதில், வான்பயிர், தான்பயிர்.
என் கையெழுத்தில்தான் ஏற்றினேன்.
அது இதில் எந்தச் சொல்லுக்குள் நிற்கிறது என்று
பேனையைக் கொஞ்சநேரம் தூக்கிப் பிடித்திருந்தேன்.

வரிசையில் நின்றவர் இருமினார்.